கல்லீரல் கொழுப்பும் கைக்குத்தல் அரிசியும்

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்ததும் நம் வீடுகளில் பலர் திகைத்துப் போகிறார்கள். "மது பக்கமே போகாதவருக்குக் கல்லீரல் நோயா?" என்பதுதான் முதல் கேள்வி. மதுவை விட்டு விலகியிருப்பது பெரிய பாதுகாப்பு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கல்லீரலில் கொழுப்பு சேர மது மட்டுமே காரணமல்ல.

சோற்றிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. தேவைக்கு மிஞ்சியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. அதற்கும் மேல் வந்தால் கொழுப்பாக மாற்றுகிறது. கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே ஃபேட்டி லிவர். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கல்லீரல் சுருக்கம் வரை போகும்.

நெல்லின் உமியை மட்டும் நீக்கி, தவிட்டையும் முளையையும் விட்டு வைப்பதுதான் முழுதானிய அரிசி. புழுங்கல் அரிசியானாலும் நன்றாகத் தீட்டிவிட்டால் தவிடு போய்விடும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து அரை கிராம் அளவே. தவிடு நீக்காத அரிசிச் சோற்றில் சுமார் ஒன்றரை கிராமுக்கு மேல். இதனால் செரிமானம் நிதானமாகிறது, சர்க்கரை சட்டென ஏறுவது குறைகிறது, சீக்கிரம் வயிறு நிறைகிறது. கல்லீரலின் சுமையும் குறைய வாய்ப்புண்டு.

ஆனால் இது மருந்தல்ல. கைக்குத்தல் அரிசியையும் தட்டு நிறையச் சாப்பிட்டால் பயனில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவு இங்கே மிகப் பொருந்தும். சோற்றைக் குறைத்து காய்கறி, பருப்பு, மீனைக் கூட்டுங்கள். குளிர்பானத்தைத் தவிருங்கள். தினமும் நடங்கள். அதிக எடையுள்ளவர் 5 சதவீதம் எடை குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும்.

முதலில் வெள்ளை அரிசியுடன் பாதிக்குப் பாதி கலந்து பழகலாம். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கூடுதல் தண்ணீரில் வேகவையுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்; கொஞ்சமாகவே வாங்குங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாறுவது நல்லது.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் வாய்ப்பை நம் அனைவருக்கும் அவன் தருவானாக, ஆமீன்.