ஆயில் என்ஜின் ஓடவில்லையா? பம்பைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஜூன் மாதம் திறக்கப்பட்டு, பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படுவது வழக்கம். கும்பப்பூ அறுவடை முடிந்து கால்வாய் வறண்டபின், தக்கலை வட்டாரத்தில் வாழைக்கும் காய்கறிக்கும் கிணற்று நீரும் குளத்து நீருமே துணை. மின் இணைப்பு எட்டாத வயல்களில் டீசல் என்ஜினை நம்பியே பாசனம் நடக்கிறது. மழைக்காலம் முழுவதும் ஓடாமல் கிடந்த என்ஜின், தேவைப்படும் இந்த நேரத்தில்தான் மக்கர் செய்யும். குலை தள்ளும் வாழை வாடினால் காய் சிறுத்துவிடும்.

என்ஜின் ஓடவில்லை என்றதும் பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றுவது சரியல்ல. பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் டீசலில் புகுந்த காற்று, தண்ணீர், தூசி ஆகிய மூன்றுதான். இவற்றை விவசாயிகளே இரண்டு ஸ்பேனர்களைக் கொண்டு சரிசெய்துவிடலாம்.

டீசல் செல்லும் வழி

டேங்க், காக், பில்டர், பம்ப், பிரஷர் பைப், இன்ஜெக்டர் என்ற வரிசையில் டீசல் செல்கிறது. ராஜ்கோட்டில் தயாரான பழைய லிஸ்டர் வகை என்ஜினாயினும், மற்ற ஐந்து குதிரைசக்தி என்ஜினாயினும் இவ்வமைப்பு ஏறக்குறைய ஒன்றே. சோதனையையும் டேங்கிலிருந்து தொடங்கி, இதே வரிசையில் செய்ய வேண்டும்.

1. டேங்க்: மூடியில் காற்று புகச் சிறு துளை உண்டு. அது அடைபட்டால் என்ஜின் சிறிது நேரம் ஓடித் தானாக நின்றுவிடும். மூடியைத் திறந்துவிட்டதும் மறுபடி ஓடினால் குறை அந்தத் துளையில்தான்.

2. தண்ணீர்: டேங்கின் அடிப்பகுதி டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைக்கவும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே தங்கும். கறுத்த கொழகொழப்பு காணப்பட்டால், தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்துள்ளன என்று அறியலாம். அப்போது டேங்கை முழுவதும் காலிசெய்து, நல்ல டீசலால் அலச வேண்டும்.

3. பில்டர்: பில்டருக்கு வரும் பைப்பைக் கழற்றிக் காக்கைத் திறந்தால் டீசல் தடையின்றி விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் காக்கிலோ பைப்பிலோ அடைப்பு உள்ளது. காகித பில்டரைக் கழுவி மீண்டும் பயன்படுத்தக் கூடாது, மாற்றவே வேண்டும்.

4. காற்று: டீசல் தீர்ந்து நின்ற என்ஜினிலும், பைப் கழற்றிய என்ஜினிலும் காற்று புகுந்துவிடும். பம்ப் அழுத்தும்போது காற்று சுருங்கிக்கொள்வதால் இன்ஜெக்டர் திறப்பதில்லை. எனவே முதலில் பில்டரின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி இன்றி டீசல் வந்ததும் இறுக்கவும். பிறகு பம்பின் திருகையும் அவ்வாறே செய்யவும். கடைசியாக இன்ஜெக்டர் பக்கத்து நட்டை ஓரிரு சுற்று தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடி கைப்பிடியைச் சுற்றவும். டீசல் விட்டுவிட்டுப் பீறிட்டதும் நட்டை இறுக்கவும். அதன்பின் சுற்றும்போது இன்ஜெக்டரில் 'கிர்' என்ற ஒலி கேட்டால் டீசல் உள்ளே சேர்கிறது எனக் கொள்ளலாம்.

டேங்க் மேலே இருக்கும் என்ஜினில் இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். டீசலை உறிஞ்சித் தரும் பீட் பம்ப் உள்ள டிராக்டரிலோ, கசிவே தெரியாமல் காற்று உள்ளே போகும். அத்தகைய என்ஜின் அடிக்கடி நின்றால் இணைப்புகளையும் செம்பு வாஷர்களையும் பார்க்க வேண்டும்.

புகையின் நிறம்

கருப்புப் புகை வந்தால் ஏர் கிளீனர் அடைப்பு, அதிகச் சுமை, அல்லது இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் ஒழுகுவது காரணமாகலாம். வெள்ளைப் புகை டீசல் எரியாததையோ, அதில் தண்ணீர் இருப்பதையோ காட்டும். நீலப் புகை என்ஜின் ஆயில் எரிவதன் அறிகுறி. அதற்கு டீசல் வழியில் மருந்து இல்லை.

கை வைக்கக் கூடாத இடம்

பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. மணல் துகள் ஒன்று புகுந்தாலும் அது கீறிவிடும். ஆகவே மேற்கண்ட சோதனைகள் யாவும் பலனளிக்காவிடில் மட்டுமே, பம்பையும் இன்ஜெக்டரையும் சோதனைக் கருவி உள்ள பட்டறையில் கொடுக்க வேண்டும். வயல் வரப்பில் வைத்துப் பிரிக்கக் கூடாது.

இன்ஜெக்டர் தூவுகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பது பேராபத்து. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். ஊசி குத்தியது போல் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூடிய அறையில் என்ஜினை ஓட்டுவதும் உயிருக்கு ஆபத்து.

வருமுன் காத்தல்

இரண்டு பருவமழை பெறும் இப்பகுதியில் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டேங்கில் இந்த ஈரம் தண்ணீராகப் படியும். எனவே வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது நலம். துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது. வாங்கிய டீசலை ஒரு நாள் தெளியவிட்டு, மேல்பகுதியை ஊற்றுவதே சிறந்தது. துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரத்தில் டீசலைச் சேமிக்கக் கூடாது.

பிப்ரவரியில் கால்வாய் அடைபடும் முன்பே ஒருநாள் என்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டால், கோளாறு இருந்தாலும் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பயிர் வாடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.