புள்ளி தப்பினால் கோலமே தப்பு!

கம்ப்யூட்டர் வளைவரை வரைகிறது என்று சொல்கிறோமே, அது முழு உண்மையில்லை. வாசலில் கோலம் போடுகிற மாதிரி அதுவும் முதலில் புள்ளி வைக்கும், அப்புறம் கோடு இழுக்கும். இரண்டு புள்ளிக்கு நடுவில் என்ன நடந்தது என்று அதுக்குத் தெரியாது.

யாங்கோனில் எங்களோடு தங்கிப் படிக்கிற அக்கா மகன் ஒருநாள் எக்செல்லில் 0 முதல் 360 டிகிரி வரை 100 சம பாகமாகப் பிரித்து, சைன் (99எக்ஸ்) வரைந்தான். "மாமா, 99 அலை வரணும். ஒரே ஒரு அலைதான் வருது, அதுவும் தலைகீழா!" என்றான்.

கணக்கு எளிதுதான். ஒரு பாகம் 3.6 டிகிரி. அதை 99 ஆல் பெருக்கினால் 356.4. முழுச் சுற்றுக்கு 3.6 டிகிரி குறைவு. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் அது சைன் (எக்ஸ்)-இன் எதிர் மதிப்பாகவே விழுகிறது. 99க்குப் பதில் 100 போட்டால் இன்னும் வேடிக்கை, வெறும் நேர்கோடுதான் வரும். பழைய படங்களில் ஓடுகிற வண்டியின் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரியுமே, அதுவும் இதே கதைதான். கேமரா ஒரு நொடிக்கு 24 படம்தான் எடுக்கிறது.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. யாங்கோன் ஆற்றையே எடுத்துக்கலாம். கடல் ஓதம் நகரம் வரைக்கும் ஏறி வருகிறது. நிலவால் வருகிற ஓதம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். தலா கரைக்குப் படகில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆனால் ஒருவர் தினமும் காலை 8 மணிக்கு மட்டும் நீர்மட்டத்தை அளந்து வரைந்தால்? ஆறு சுமார் 15 நாளுக்கு ஒருமுறைதான் ஏறி இறங்குகிறது என்று அந்தப் படம் சாதிக்கும். அளவு ஒவ்வொன்றும் சரி, படம் தப்பு. அதை நம்பிப் படகு எடுத்தால் என்ன ஆகும்?

விஞ்ஞானிகளும் இதைச் சந்தித்திருக்கிறார்கள். 1992இல் அமெரிக்காவும் பிரான்சும் அனுப்பிய டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள், கடல்மட்டத்தை அளக்க ஒரே இடத்துக்கு மேல் சுமார் 10 நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. அதன் கண்ணுக்கு நிலவின் ஓதம் 62 நாள் அலையாகத் தெரிந்தது. இந்தக் குழப்பத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் அதன் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு வில்லங்கம், துல்லியம். 90 டிகிரியில் டேன் என்பதற்கு மதிப்பே கிடையாது. ஆனால் எக்செல்லைக் கேட்டால் 17 இலக்க எண் ஒன்றை நீட்டும். காரணம், பை என்ற முடிவில்லாத எண்ணை அது சுமார் 16 இலக்கத்தோடு நறுக்கித்தான் வைத்திருக்கிறது. அந்த ஒரு ராட்சசப் புள்ளி படத்துக்குள் வந்தால், மற்ற வளைவெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துவிடும். அந்தப் புள்ளி விடுபட்டாலும் தொல்லைதான். மேலே போன கோட்டையும் கீழிருந்து வரும் கோட்டையும் சேர்த்து, இல்லாத ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டுவிடும்.

சரி, வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம்?

ஒரு அலைக்கு இரண்டுக்கு மேல் புள்ளி வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் பெயரில் வழங்கும் விதி. அது குறைந்தபட்சம்தான், கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிய ஒரு அலைக்கு 10 புள்ளியாவது வைக்கலாம். அடுத்து, புள்ளிகளை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். படம் மாறினால் பழைய படத்தை நம்ப வேண்டாம். பகுதி பூஜ்யமாகிற இடம் எது என்று முதலில் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அங்கே வளைவரையை வெட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எப்படி வரும்னு மனசுல ஒரு கணிப்பு வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 99 அலையை எதிர்பார்த்தவனுக்குத்தான் ஒன்று வந்ததும் சந்தேகம் வரும்.