காப்புறுதியும் காலாவதியும்: சேலம் – நாமக்கல் சமவெளி நோக்கில் இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் வரலாறு பெரும்பாலும் நாட்டுடைமையாக்கத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. காப்புறுதிக்குப் பொறுப்பேற்பவர் யார், உபரி யாருக்குரியது என்னும் இரு வினாக்களின் வழி அவ்வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நிலையற்ற வருவாயையுடைய சேலம் – நாமக்கல் மக்களுக்கு அது தந்ததையும் தராததையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆயுள் காப்பீடு, நாட்டுடைமை, உபரி, காலாவதி, சேலம், நாமக்கல்.

முன்னுரை

இளம்பிள்ளையின் நெசவு, ஆத்தூர், இராசிபுரம் பகுதிகளின் மரவள்ளி, திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்றுத் தொழில், நாமக்கல்லின் லாரித் தொழில் ஆகியவை இச்சமவெளியின் வாழ்வாதாரங்கள். இவற்றில் வருவாய் பருவத்தையும் சந்தையையும் சார்ந்தது; காப்பீட்டுத் தவணையோ நாள் தவறாமல் செலுத்தப்பட வேண்டியது. இம்முரணே கழக வரலாற்றை இப்பகுதியிலிருந்து நோக்குவதற்குக் காரணமாகிறது.

தனியார் நிறுவனங்களின் காலம்

இந்தியாவில் ஆயுள் காப்பீடு 1818இல் கல்கத்தாவின் ஓரியண்டல் நிறுவனத்துடன் தொடங்கியது. சுதேசி இயக்கக் காலத்தில், 1906இல், சென்னையில் யுனைடெட் இந்தியா நிறுவனம் தோன்றியது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் இத்துறையை ஒழுங்குபடுத்த முனைந்தும் முறைகேடுகள் ஓயவில்லை. பத்தாண்டுகளில் 25 நிறுவனங்கள் கலைக்கப்பட்டன என்றும், மேலும் 25 நிறுவனங்கள் நிதிவளத்தை வீணடித்துப் பாலிசிதாரர்களுக்கு இழப்பை ஏற்படுத்தின என்றும் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் 1956இல் எடுத்துரைத்தார்.

நாட்டுடைமையும் அரசின் பொறுப்பும்

1956 சனவரி 19 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின்வழி 154 இந்திய நிறுவனங்கள், 16 அயல்நாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள் என 245 அமைப்புகளின் ஆயுள் காப்பீட்டுப் பணியை அரசு ஏற்றது. செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்துடன் கழகம் செயற்படத் தொடங்கியது. கழகச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பாலிசித் தொகைக்கு மத்திய அரசின் உறுதியை அளித்தது. 28ஆம் பிரிவு, உபரியில் 95 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கைப் பாலிசிதாரர்களுக்கு உரியதாக்கியது. நிறுவனத்தின் நற்பெயரைச் சார்ந்திருந்த வாக்குறுதி இதனால் சட்டத்தின் வாக்குறுதியாயிற்று.

சமவெளியில் காப்பீடு

சேலத்தின் கோட்ட அலுவலகமும் சுற்றியுள்ள ஊர்களின் கிளைகளும் கழகத்தை இப்பகுதிக்குக் கொணர்ந்தன. வீட்டளவில் அதன் முகமாக விளங்கியவர் முகவரே. ஆசிரியர், ஆலைப் பணியாளர் போன்றோரின் தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துச் செலுத்தச் சம்பளச் சேமிப்புத் திட்டம் வழி செய்தது. தறிக்கூலி பெறும் நெசவாளருக்கும் நடைக்கணக்கில் ஊதியம் பெறும் லாரி ஓட்டுநருக்கும் அத்தகைய ஏற்பாடு இல்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். அரசின் உறுதி, நிறுவனம் வீழ்ந்தால் பாலிசிதாரரைக் காக்கும். பாலிசிதாரர் தவணை தவறினால் காக்காது. மரபான சேமிப்புத் திட்டங்களில் தொடக்க ஆண்டுகளுக்குள் காலாவதியான பாலிசிக்கு நெடுங்காலம் சரண் மதிப்பே இல்லை. காப்பு மிகத் தேவைப்பட்ட நலிந்த காலமே காப்பை இழக்கும் காலமாகவும் அமைந்தது.

பங்குச் சந்தைக் காலம்

2000ஆம் ஆண்டில் இத்துறை மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் உபரியில் பாலிசிதாரருக்கான குறைந்த அளவை 90 விழுக்காடாக்கியது. 2022 மே மாதத்தில் அரசு தன் பங்கில் 3.5 விழுக்காட்டை விற்க, கழகம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. உபரியில் பங்குபெறாத பாலிசிகளின் நிதி தனியே பிரிக்கப்பட்டு, அதன் உபரி பங்குதாரர்க்குரியதாயிற்று. 37ஆம் பிரிவு மட்டும் நிலைத்தது. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை, ஓராண்டுத் தவணை முழுமையாகச் செலுத்திய பின்னரே விலகுவோர்க்கும் சிறப்புச் சரண் மதிப்புக் கிடைக்க வழிவகுத்தது.

முடிவுரை

1956ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தின் வீழ்ச்சியிலிருந்து சேமிப்பைக் காத்தது. வருவாயின் வீழ்ச்சியிலிருந்து காக்கும் வழி தாமதமாகவும் பகுதியளவிலுமே கிட்டியது. ஆகவே கழகத்தின் வளர்ச்சியை விற்ற பாலிசிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடாமல், இறுதிவரை நிலைத்த பாலிசிகளாலும் அளவிடுவதே பொருத்தமாகும். கிளை அளவிலான காலாவதிப் பதிவுகளை இச்சமவெளியின் தொழில் வரலாற்றோடு இணைத்து ஆராய்வது அதற்குத் துணைபுரியும்.