மவுண்டன் பைக்: முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாகக் கோர்ப்பதா?

கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1970-களின் நடுவில் இந்தக் கேள்வியே எழவில்லை. மலையில் ஓட்டுவதற்கென்று ஒரு சைக்கிள் எந்தக் கடையிலும் கிடையாது. டமல்பயஸ் மலையைச் சுற்றியிருந்த இளைஞர்கள் 1930-களில் வந்த ஷ்வின் எக்ஸெல்சியர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவர், இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளின் டிரம் பிரேக், டூரிங் சைக்கிளின் கியர் என்று கலந்துகட்டிய வண்டி ஏறக்குறைய 20 கிலோ எடை இருந்தது.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதையில் பந்தயம் வைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக் உள்ள வண்டிகளில், கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப்பின் கிரீஸ் காய்ந்து புகையாகிவிடும். ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-ல் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார். பிரீஸர் என்று பெயர். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்சி செய்துகொடுத்த ஃபிரேம்களில் பாகங்களைக் கோர்த்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு வண்டி சுமார் 1,300 டாலர். ரிட்சியின் ஃபிரேம்களை வாங்கிப் பார்த்திருந்த மைக் சின்யார்ட், தன் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் பெயரில் 1981-ல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாடலை இறக்கினார். ஃபிரேம் ஜப்பானில் மொத்தமாகத் தயாரானது. கியர் ஜப்பானின் சன்டூர், பிரேக் பிரான்ஸின் மஃபாக். வண்டி முழுசாக 750 டாலர்.

விலை விஷயத்தில் வழக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறவில்லை.

காரணம் எளிது. ஷிமானோ, ஸ்ராம், ஃபாக்ஸ் போன்ற பாகத் தயாரிப்பாளர்கள் தைவானின் ஜயன்ட், மெரிடா போன்ற ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கில் பாகங்களை அனுப்புகிறார்கள். வண்ணப் பெட்டி இல்லை, விநியோகஸ்தர் இல்லை, கடைக்காரர் லாபம் இல்லை. கியர் மாற்றும் டிரெய்லியர் ஒன்றை நாம் தனியாக வாங்கினால், அதன் விலையில் இவை எல்லாம் ஏறியிருக்கும். கோயம்பேட்டில் கல்யாணத்துக்கு மூட்டையாகக் காய் எடுப்பவர் கொடுக்கும் விலையும், தெருமுனைக் கடையில் கால் கிலோ வாங்குபவர் கொடுக்கும் விலையும் ஒன்றாக இருக்க முடியுமா? இதற்குமேல் நம் நாட்டில் நல்ல பாகங்கள் பெரும்பாலும் இறக்குமதி. சுங்க வரியும் கூரியர் செலவும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியாக விழும்.

கோர்க்கக் கிளம்புகிறவர்கள் போடும் கணக்கையும் பார்த்திருக்கிறேன். ஃபிரேம், ஃபோர்க், வீல், கியர் செட், பிரேக் என்று ஐந்து வரி இருக்கும், கீழே ஒரு கூட்டுத்தொகை இருக்கும். ஹெட்செட், ஸ்பேசர், கியர் வயர், அவுட்டர் கேபிள், ரிம் டேப், டியூப்லெஸ் வால்வு, சீலன்ட், டிஸ்க், அடாப்டர், கிரிப், சீட் கிளாம்ப் எதுவும் அதில் இருக்காது. இவை ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல டயர் ஜோடியின் விலையைத் தாண்டிவிடும்.

அதற்காக முழு வண்டி விற்பவர் வள்ளல் என்று அர்த்தமில்லை. அவர் ஒரு விலைக்குள் அடங்கியாக வேண்டும். எங்கே குறைத்தால் வாங்குபவர் கண்ணில் படாது என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். கடையில் வண்டியைப் பார்க்கிறவர் முதலில் பின் டிரெய்லியரைத்தான் பார்ப்பார். அதனால் அது மட்டும் ஒரு படி உயர்ந்த மாடலாக இருக்கும். செயின், பின் பல்சக்கரத் தொகுப்பான கேசட், ஷிஃப்டர் ஒரு படி கீழே இருக்கும். ஃபோர்க்கின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் பிரபலமானது, உள்ளே அதிர்வை அடக்கும் டேம்பர் மலிவானது. டயரில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், பக்கச் சுவர் மட்டும் மெல்லிசு. கூர்ப்பாறை நிறைந்த பாதையில் முதல் மாதமே கிழியும்.

பிரேக் டிஸ்க்கைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மலிவு டிஸ்க்குகளில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். நீண்ட இறக்கங்களுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கும் உலோகப் பேடை அதில் போட்டால் டிஸ்க் சீக்கிரமே தேய்ந்துபோகும். அப்புறம் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி பின் ஹப்பில் இருக்கிறது. ஸ்ராமின் 12 கியர் வரிசையில் என்எக்ஸ் என்ற கீழ்மட்ட கேசட், பழைய ஷிமானோ வகை ஃப்ரீஹப்பிலேயே (ஹப்பில் கேசட் உட்காரும் பகுதி) ஏறும். அதனால் அதன் சின்னப் பல்சக்கரத்துக்கு 11 பல். அடுத்த மட்டமான ஜிஎக்ஸ்-ல் 10 பல், அதற்கு எக்ஸ்டி என்ற வேறு ஃப்ரீஹப் வேண்டும். ஷிமானோவின் 12 கியர் மவுண்டன் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்று மூன்றாவது ஒன்று. பிறகு கேசட்டை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்து முழு வண்டி வாங்கியவர், அந்த ஹப்புக்கு வேறு ஃப்ரீஹப் கிடைக்காது என்று தெரிந்து வீலையே மாற்றிய கதைகள் நிறைய. விலைப்பட்டியலில் ஹப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அலாய்’ என்று மட்டும் போட்டிருந்தால் உஷாராகுங்கள்.

இங்கேதான் கோர்ப்பவரின் தரப்பு வலுக்கிறது. கொடுத்த காசு எங்கே போனது என்பது அவருக்கு ஒவ்வொரு பாகமாகத் தெரியும். ஆனால் அளவுகளின் காடு ஒன்றை அவர் தாண்டியாக வேண்டும்.

சைக்கிள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்ததே பாகமாகத்தான். ஃபிரேமும் ஃபோர்க்கும் மூட்டையில் வரும். கடைக்காரர் ரிம்முக்கு ஸ்போக் கம்பி கோர்த்து, கோட்டம் எடுத்து, டயரும் சீட்டும் மாட்டி வண்டியை நிறுத்துவார். ஹெர்குலிஸ் பெடல் ஹீரோவில் ஏறும், ராலே செயின் அட்லஸில் ஓடும். அந்தப் பழக்கத்தில் மவுண்டன் பைக் கோர்க்க இறங்கினால் கை சுடும். பின் ஹப் அகலம் 135 மில்லிமீட்டரில் இருந்தது, 142-க்குப் போனது, பூஸ்ட் என்ற பெயரில் 148 ஆனது, சூப்பர் பூஸ்ட் என்று 157-ம் உண்டு. முன் ஹப்பில் 100, 110. சீட் போஸ்ட்டுக்கு 27.2, 30.9, 31.6, 34.9. வீல் 26, 27.5, 29 அங்குலம் என்பார்கள். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559, 584, 622 மில்லிமீட்டர்.

கிராங்க் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டில் பர்மிங்காமின் பிஎஸ்ஏ கம்பெனி வழியே பெயர் பெற்ற மரை இன்றும் உண்டு. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தயாரித்த பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடியதும் அந்தப் பெயரில்தான். மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகைகள் பிறகு பெருகின. ஃபிரேமின் துளை கொஞ்சம் பிசகினாலும் கிரீச்சிடும், மிதிக்கும் ஒவ்வொரு முறையும். என்னைக் கேட்டால் மரை உள்ள ஃபிரேமையே தேடுவேன்.

பழைய ஃபிரேமுக்குப் புது ஃபோர்க் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் தண்டு மேலே ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவாக, கீழே ஒன்றரை அங்குலமாக அகன்றிருக்கும். மேலும் கீழும் ஒரே விட்டமாக இருக்கும் பழைய ஹெட் டியூப்கள் பெரும்பாலானவற்றில் அது நுழையாது. 2023-ல் ஸ்ராம் கொண்டுவந்த டிரான்ஸ்மிஷன் கியர், யுடிஹெச் என்ற அமைப்புள்ள ஃபிரேமில் மட்டுமே மாட்டும்.

அடுத்தது கைவேலை. முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. ஸ்டெம் போல்ட்டுக்கு வழக்கமாக 5, 6 நியூட்டன் மீட்டர். ஷிமானோ கிராங்க் போல்ட்டுக்கு 12 முதல் 14. கேசட் லாக்ரிங்குக்கு 40. கை அளவில் முடுக்கிப் பழகியவர் கார்பன் ஹேண்டில்பாரைச் சத்தமில்லாமல் நசுக்கிவிடுவார். பிஎஸ்ஏ பாட்டம் பிராக்கெட்டில் வலப்பக்கக் கப், இடப்பக்கப் பெடல் இரண்டுக்கும் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராமில் பல மாடல்களுக்கு டாட் திரவம், சிலவற்றுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு பிரேக் போய்விடும், அதுவும் இறக்கத்தில் தெரியவரும். ஃபோர்க் தண்டை வெட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீளமாக விட்டால் மறுபடி வெட்டலாம், குட்டையாக வெட்டிவிட்டால் அந்தத் தண்டு போனதுதான்.

உத்தரவாதமும் ஒரு விஷயம். முழு வண்டியில் கிரீச் சத்தம் வந்தால் வாங்கிய கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். கோர்த்த வண்டியில் ஃபிரேம் விற்றவர் பாட்டம் பிராக்கெட்டைக் குறை சொல்வார், அதை விற்றவர் ஃபிரேமைக் குறை சொல்வார். விற்கும்போதும் அப்படியே. பெயர் தெரிந்த மாடலுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு, நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வண்டிக்கு ஆளைத் தேட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் கோர்க்கத்தான் வேண்டும். உயரமோ குட்டையோ, கம்பெனியின் அளவுப் பட்டியலுக்குள் அடங்காத உடல்வாகு கொண்டவர்கள். ஃபிரேம் விரிசல் விட்டு, மற்ற பாகமெல்லாம் நல்ல நிலையில் கையில் இருப்பவர்கள். ஒற்றை கியரும் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் கொண்ட ஸ்டீல் சைக்கிளை விரும்புகிறவர்கள். அப்படிப்பட்ட வண்டி கடையில் அரிது. ரெஞ்சைப் பிடித்து உட்கார்வதே சுகம் என்பவர்களுக்கு என் கணக்கு எதுவும் பொருந்தாது.

முதல் மவுண்டன் பைக் வாங்குகிறவர் முழு வண்டியைத்தான் வாங்க வேண்டும். எந்தப் பாகம் தனக்குப் பிடிக்காது என்பதே அவருக்கு இன்னும் தெரியாது. ஹேண்டில்பார் எவ்வளவு அகலம், ஸ்டெம் எவ்வளவு நீளம், ஃபோர்க் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஓட்டித் தெரிந்துகொள்கிற சங்கதி. வாங்கும்போது டிரெய்லியரை மறந்துவிட்டு ஃபிரேம், ஃபோர்க், பின் ஹப் மூன்றையும் பாருங்கள். கையில் இருக்கும் தொகை முழுவதையும் வண்டியில் போடாமல் டயர், பிரேக் பேட், சீட் மூன்றுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். மற்றவை தேயத் தேய மாற்றிக்கொள்ளலாம். பிடித்த ஃபிரேம் ஒன்று மனசிலேயே நின்றுவிட்டால், பாகங்களைத் தனித்தனியே வாங்குவதைவிட, அளவுகள் ஒத்துப்போகும் நல்ல பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பாகங்களை மாற்றி மாட்டுவது பெரும்பாலும் மலிவு.

அப்போதும் ஃபிரேமுக்குப் பணம் கட்டும் முன் பின் ஹப் அகலம், பாட்டம் பிராக்கெட் வகை, ஹெட் டியூப் அளவு, சீட் போஸ்ட் விட்டம் இந்த நான்கையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.