உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்!

கதாநாயகி வாயைத் திறக்கிறாள். குரலைக் காணோம்!

அவள் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. கொட்டகையில் ஒரே சிரிப்பு. பிறகு விசில். "ஆபரேட்டர், தூங்குறியா?" என்று கூச்சல்.

பிலிம் சுருள் ஓடிய காலத்துக் கூத்து இது. சுருள் மறைந்துவிட்டது. கூத்து மறையவில்லை. இன்று அது வீட்டு டெலிவிஷனுக்குக் குடிவந்திருக்கிறது.

இசைத்தட்டில் குரல்

பேசும் படம் பிறந்த புதிதில் படம் பிலிமில் இருந்தது. குரல் இசைத்தட்டில் இருந்தது! அமெரிக்காவின் வார்னர் சகோதரர்கள் 1926-ல் கொண்டுவந்த 'வைட்டாபோன்' முறை அது. 1927-ல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படமும் அப்படித்தான் பேசியது.

தட்டில் ஊசி ஒரு கோடு தாவினால் போதும். அந்தச் சுருள் முடியும் வரை குரலும் உதடும் சேராது. பிலிம் அறுந்தாலும் தொல்லைதான். வெட்டி எறிந்த சட்டங்கள் எத்தனையோ, அத்தனை சட்டம் கறுப்புப் பிலிமை எண்ணி ஒட்டவேண்டும். படம் ஒரு கணம் இருண்டாலும் குரல் தப்பாது.

இந்தச் சங்கடத்தை வைத்தே 1952-ல் 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சி எடுத்தார்கள். நாயகி வாயசைக்க, வில்லன் குரல் வரும்!

பிறகு குரலையும் பிலிமின் ஓரத்திலேயே பதித்தார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். படம் வினாடிக்கு 24 முறை நின்று நின்று நகரவேண்டும். ஒலியோ நிற்காமல் வழுக்கி ஓடவேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியுமா? அதனால் 35 மில்லிமீட்டர் பிலிமில் குரலைச் சுமார் 20 சட்டங்கள் முன்னால் பதித்தார்கள். நடுவில் பிலிமை வளையமாகத் தளர்த்தி விடுவது ஆபரேட்டர் வேலை. வளையம் பெரிதானால் குரல் பிந்தும். சிறிதானால் முந்தும். கூச்சல் போட்டவர்களுக்கு இது தெரியாது, பாவம் அந்த மனிதர்!

காதின் கணக்கு

ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைக்கிறார். துணி கல்லில் விழுந்து சற்றுப் பொறுத்துத்தான் 'தொப்' என்று கேட்கும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் ஓடும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை.

ஆகவே, ஒலி பிந்துவது நமக்குப் பழக்கம். முந்துவது பழக்கமில்லை! 1998-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கொடுத்த கணக்கும் இதையே சொல்கிறது. வினாடியை ஆயிரம் பங்காக்குங்கள். குரல் 45 பங்கு முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 பங்கு வரை தெரியாது.

நமக்கு இது எரிச்சல் மட்டுமே. காது மந்தமான தாத்தாவுக்கோ பேச்சே போய்விடும். அவர் பாதி வார்த்தையை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்.

வீட்டில் என்ன செய்வது?

டெலிவிஷன் படத்தைச் சீர்செய்து காட்டச் சிறிது நேரம் எடுக்கும். ஒலி தனிப் பெட்டி வழியாகப் போனால் முந்திக்கொள்ளும். அமைப்புப் பகுதியில் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' இருக்கிறதா பாருங்கள். அதைக் கூட்டினால் ஒலி காத்திருக்கும். கம்பியில்லா இயர்போனில் ஒலி பிந்தும். கம்பி போட்டதை மாட்டிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் 'வி.எல்.சி.' வைத்திருப்பவர்கள் 'கே' எழுத்தைத் தட்டினால் ஒலி 50 பங்கு பின்னே போகும். 'ஜே' தட்டினால் முன்னே வரும்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறதா? அப்படியானால் படமும் ஒலியும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. எத்தனை தட்டினாலும் நிற்காது. வேறு பிரதி தேடுவதே நல்லது.

முந்துவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வசனத்தைப் பார்க்காதீர்கள். கைதட்டும் காட்சியையோ, கதவு அறையும் காட்சியையோ பாருங்கள். படப்பிடிப்பில் பலகையை 'டக்' என்று தட்டுகிறார்களே, அதுவும் இதற்காகத்தான். கட்டைகள் முட்டும் சட்டத்தையும் அந்த 'டக்'கையும் ஒட்டவைத்தால், மற்றவை தானே சேர்ந்துகொள்ளும்.