பருத்திக் காட்டில் வெடித்த பனி

டிசம்பர் 20-ஆம் தேதி வாக்கில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு மஞ்சப்பையோடு எங்கள் வாசலுக்கு வருவார். "இந்தா கண்ணு, உங்க நோம்பிக்குப் பனி கொண்டாந்திருக்கறேன்" என்று பையை நீட்டுவார். அன்னூர்ப் பக்கம் அவர் அண்ணன் வீட்டுக் காட்டில் முதல் எடுப்பில் எடுத்த பருத்தி இரண்டு கிலோ அதற்குள் இருக்கும். கொட்டை நீக்காத பருத்தி. காய்ந்த இலைத்தூளும் ஓட்டுச் சில்லும் அங்கங்கே ஒட்டியிருக்கும்.

அப்பத்தா திண்ணையில் முறத்தைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு சுளையாக எடுத்து, இரண்டு கை விரல்களாலும் பிரித்து, கொட்டையை நகத்தால் நெம்பித் தள்ளுவார். கொட்டை தகர டப்பாவில் 'டிங்' என்று விழும். பஞ்சு முறத்தில் மெல்ல மெல்லப் பொங்கி நிற்கும். பருத்தியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மிச்சமெல்லாம் கொட்டை என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அந்த டப்பா நிறைவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலை அதற்குள் பாதி முடிந்திருக்கும். வைக்கோல் கூரை, பழுப்புத் தாளைக் கசக்கிச் செய்த மலை, பத்து நாள் முன்பே தட்டில் விதைத்து முளைக்க வைத்த ராகிப் புல். மாதா, சூசையப்பர், இடையர்கள், சம்மனசு என்று சுரூபங்களைத் துடைத்து வைப்போம். கடைசியில்தான் பனி. கூரைமேலும் மலைமுகட்டிலும் அத்தை கொடுத்த பஞ்சை அப்பத்தா பிய்த்துப் பிய்த்துத் தூவுவார். பனியையே பார்த்திராத கைகள் அவை. ஆனாலும் எந்த இடத்தில் கனமாகப் படியும், எந்த இடத்தில் சரிந்து தொங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பனி எங்கிருந்து வந்தது?

இயேசு பிறந்த இரவில் பெத்லகேமில் பனி பெய்ததாக நற்செய்தி நூல்கள் எதிலும் இல்லை. இடையர்கள் இரவில் வயல்வெளியில் கிடை காத்தார்கள் என்று மட்டும் லூக்கா சொல்கிறார். 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி உருவாக்கிய குடிலில் முதன்மையாக இருந்தது வைக்கோல். வெண்பனி கிறிஸ்துமஸின் அடையாளமாக ஊர் ஊராகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வெளியானது 1843-ல். லண்டனில் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். கதைகளிலும் அட்டைகளிலும் ஏறிக்கொண்ட பனி கடல் கடந்தது. எங்கள் வீட்டு அலமாரியில் ஜிகினா மின்னும் பழைய வாழ்த்து அட்டைகள் இன்னும் உண்டு. அவற்றில் பனி மூடாத ஒரு வீட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

உலகமெங்கும் ஒலிக்கும் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டு 1942-ல் வெளிவந்தது. எழுதி இசையமைத்தவர் இர்விங் பெர்லின் என்ற யூதர். அதன் தொடக்க அடிகள் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில், வெயிலும் பனைவகை மரங்களும் சூழ நிற்கும் ஒருவர் பனிக்கு ஏங்குவதாக அமைந்தவை. பெரும்பாலும் அந்த அடிகளை விட்டுவிட்டே பாடுகிறார்கள். அந்த ஏக்கத்தைக் கோவைக்காரர்களான நாங்கள் நன்றாகப் புரிந்துகொள்வோம்.

தமிழில் 'பனி' என்ற சொல் பெரிய மனசு உள்ளது. புல்நுனித் துளியும் பனி, விடியற்காலை மூட்டமும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. ஆறு பருவங்களில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். டிசம்பர் 25 பெரும்பாலும் மார்கழி 9 அல்லது 10-ஆம் நாளில் வரும். அந்த வைகறையில் கோவையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும். "கூதலடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே பெரியவர்கள் மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டுவார்கள். அவிநாசி சாலையில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும்.

மெய்யான வெண்மை வேண்டுமென்றால் 85 கிலோமீட்டர் மலையேற வேண்டும். ஊட்டியில் வானம் தெளிந்திருக்கும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தரைச்சூடு தடையின்றி மேலே போய்விடும். புல்மட்டத்தில் வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும்போது தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் புல்வெளிகள் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். அதுதான் உறைபனி. 1830-ல் அபிஷேகம் செய்யப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்துக்குக் காலை ஆராதனைக்குப் போகிறவர்கள் உறைபனிப் புல்லை மிதித்துத்தான் போவார்கள். வெயில் ஏறினால் எல்லாம் கரைந்துவிடும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது படம் எடுக்கும் நேரம். தேயிலைக்காரர்களுக்கும் காய்கறி போட்டவர்களுக்கும் கொழுந்து கருகும் நேரம். அந்தப் பனிக்கு ஒரு விலை உண்டு.

அப்பாவின் புருவத்தில் பனி

எங்கள் பனிக்கும் ஒரு விலை இருந்தது.

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. அதன்பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. சுற்றுப்புறக் காடுகளில் கம்போடியா பருத்தி செழித்தது. இங்கே உருவாக்கிய ரகங்கள் நாடெங்கும் போயின. இந்தியாவின் மிக நீள இழைப் பருத்தி என்று பேரெடுத்த 'சுவின்' ரகம் 1974-ல் கோவை ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வெளிவந்தது. சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் சேர்த்த கலப்பு அது. இரண்டின் பெயரிலிருந்தும் எடுத்துச் 'சுவின்' ஆயிற்று.

அப்பா ஓர் ஆலையில் பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வரும்போது தலைமுடி, புருவம், இமை எல்லாம் பஞ்சுத்தூசி படிந்து வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் எனக்கு அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. ஆலைக்குள் பஞ்சு மலையாகக் குவிந்து கிடந்தாலும் ஒரு பிடிகூட வெளியே வராது. கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் ஆலைத் தொழிலாளி வீட்டுக் குடிலுக்கு அத்தை வீட்டுக் காட்டிலிருந்து பனி வந்தது.

நுரையீரலில் படிந்த தூசி மட்டும் கேட்டைத் தாண்டி வந்தது. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். நாள்பட நாள்பட மூச்சிரைப்பு நிலைத்துவிடும். மருத்துவர்கள் அதைப் பிஸினோசிஸ் என்பார்கள். அப்பாவின் கடைசி டிசம்பர்களில் அவரால் குடில் பக்கத்தில் குனிந்து உட்கார முடியவில்லை. நாற்காலியில் இருந்தபடி, "அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் போடு" என்று கையைக் காட்டுவார். கோவையின் வெண்மையைப் பற்றி எழுதும் யாரும் அந்த மூச்சை மறந்துவிடக் கூடாது.

மூன்று அடுப்பு விருந்து

கொங்கு நாட்டில் எந்தத் திருநாளுக்கும் நோம்பி என்றுதான் பெயர். தீபாவளியும் நோம்பி, மாரியம்மன் திருவிழாவும் நோம்பி, கிறிஸ்துமஸும் நோம்பி. நோம்பி என்றால் ஒறம்பரை வர வேண்டும். சொந்தக்காரரையும் விருந்தாளியையும் சேர்த்துக் குறிக்கும் சொல் அது. "ஒறம்பரை வந்திருக்காங்க" என்றால் அடுப்பில் உலை வைத்தாயிற்று என்று பொருள்.

எங்கள் தெருவில் பல வகையானவர்கள் இருந்தார்கள். டிசம்பர் 25 மதியத்துக்கு எல்லோரும் வருவார்கள். ஒவ்வொருவரும் எதைச் சாப்பிடுவார், எதைத் தொடமாட்டார் என்ற கணக்கு அம்மாவின் விரல்நுனியில் இருந்தது. இறைச்சி எப்போதும் பாய் கடையில்தான். ஹலால் கறியாக இருந்தால்தான் எதிர்வீட்டு பாய் குடும்பம் கூச்சமில்லாமல் கை நனைக்கும். கேக் இரண்டு வகை: முட்டை போட்டது ஒன்று, முட்டை இல்லாதது ஒன்று. இரண்டுக்கும் இரண்டு கத்தி.

சிக்கல், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். மண்டல பூஜை முடிய டிசம்பர் 26, 27 ஆகிவிடும். கறி வேகும் வீட்டில் அவர்களுக்குச் சமைக்க முடியாது. இதற்கு அத்தைதான் வழி கண்டுபிடித்தார். எங்கள் வீட்டு அரிசியும் துவரம்பருப்பும் அவர் அடுப்புக்குப் போகும். அங்கே சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டு அரிசிம்பருப்புச் சாதம் இறங்கும். நெய் மணக்க மணக்க, கொள்ளு ரசத்தோடு, அத்தை வீட்டு ஆசாரத்தில், அந்த முன்கூடத்திலேயே, அவர்களுக்கு இலை விழும். அம்மா போய்ப் பரிமாறிவிட்டு வருவார். பந்தி அவர் வீட்டில் நடந்தாலும் அது எங்கள் வீட்டு விருந்துதான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மூன்றாவது அடுப்பு கொல்லைப்புறத்தில், செங்கல் கூட்டியது. முந்தின நாள் பொழுதோடவே அதில் பலகார வேலை தொடங்கும். அச்சுமுறுக்கு, கல்கல், கச்சாயம். காலையில் அதே அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு. பக்கத்தில் சந்தகை பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாழியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அழுத்துவார். மாமா வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராக அங்கேதான் போவார்.

கொட்டை டப்பா என்னவாயிற்று? அதை 23-ஆம் தேதி இரவே ஊறப்போட்டுவிடுவார்கள். மறுநாள் ஆட்டுக்கல்லில் ஆட்டி, துணியில் பிழிந்து, இரண்டு மூன்று பால் எடுத்து, கொஞ்சம் அரிசி மாவு கரைத்துக் காய்ச்சுவார்கள். கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், மேலே தேங்காய்ப்பூ. பாதிராப் பூசை முடிந்து இரண்டு மணிக்குக் கூதலில் நடுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு அந்தப் பருத்திப்பால்தான் முதல் விருந்து. பனி குடிலின் மேலிருக்க, அதன் கொட்டை ஆளுக்கொரு டம்ளரில் ஆவி பறக்கும்.

நானூறு ஆண்டு அக்கம்பக்கம்

இந்த அக்கம்பக்கப் பழக்கத்துக்கு வயது அதிகம். மதுரை மிஷனின் சேசு சபைத் துறவிகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே கொங்கு நாட்டுக்கு வந்துவிட்டார்கள். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம் அந்தப் பழைய தொடர்பின் சின்னம். லண்டன் மிஷனின் அடிஸ் பாதிரியார் கோவைக்கு வந்தது 1830-ல். கத்தோலிக்கருக்குக் கோவை தனி மறைமாவட்டம் ஆனது 1886-ல். பெரிய கடைவீதியில் தூய மிக்கேல் பேராலயத்தைச் சுற்றிக் கடைகள், பக்கத்தில் கோயில்கள், கூப்பிடு தூரத்தில் கோட்டைமேட்டுப் பள்ளிவாசல். மணியும் பாங்கும் திருப்பாவையும் ஒரே காற்றில் கலந்து வரும் ஊர் இது.

அந்த ஊர்தான் 1997 நவம்பரில் கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14-ல் 58 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளையும் கண்டது. அந்த வருட டிசம்பரில் யாரும் யார் வீட்டுக்கும் போகத் தயங்கினார்கள். அம்மா 24-ஆம் தேதி மாலை ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்கினார். எதிர்வீட்டு பாயிடம், "நீங்க வரலைன்னா அடுப்பே பத்த வைக்கமாட்டேனுங்க" என்றார். மறுநாள் முதலில் வந்து உட்கார்ந்தது அவர்கள்தான். அன்று அம்மா பரிமாறிய வேகத்தை நான் மறக்கவில்லை. இலையில் சோறு குறையவே விடவில்லை. விருந்தோம்பல் என்ற சொல்லுக்கு எனக்கு அதைவிட நல்ல விளக்கம் பின்னால் எங்கும் கிடைக்கவில்லை.

இன்று அன்னூர், அவிநாசிப் பக்கத்துக் காடுகளில் பருத்தி வெகுவாகக் குறைந்துவிட்டது. தென்னையும் மக்காச்சோளமும் வீட்டுமனைக் கற்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆலைகளுக்குப் பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. குடிலுக்குத் தெளிக்கும் பனியைக் கடையில் ஸ்ப்ரே டப்பாவாகவே விற்கிறார்கள். அடுக்குமாடிகளில் கேக் வாட்சப்பில் ஆர்டர் ஆகிறது, விருந்து ஓட்டலில் முடிகிறது. நேரமில்லை என்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வருடத்தில் ஒருநாள், பக்கத்து வீட்டார் எதைச் சாப்பிடுவார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கென்று ஓர் அடுப்புப் பற்றவைப்பது நம்மால் முடிகிற காரியம். அதை நாம் விட்டுவிடக் கூடாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. பஞ்சு வைத்தால் மெழுகுவத்தி பக்கத்திலேயே வரக் கூடாது. ஒரு வருடம் சூடேறிய பழைய சீரியல் செட் பல்பு ஒன்று பஞ்சைப் பொசுக்கி, வைக்கோல் கூரை கருகியது. அப்பா வெறுங்கையால் அடித்து அணைத்தார். அதிலிருந்து விளக்குகள் எங்கள் குடிலுக்கு ஒரு முழம் தள்ளித்தான்.

அத்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் வீட்டுக் காட்டில் பருத்தி இல்லை. எங்கள் குடிலுக்காக வேலியோரம் ஆறேழு செடி மட்டும் விட்டு வைத்திருக்கிறார்களாம். போன டிசம்பரில் ஒரு கைப்பிடிதான் தேறியது. கூரைக்கு மட்டும் போட்டோம், மலை வெறுமையாக இருந்தது.

ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று குடிலைப் பிரித்தோம். சுரூபங்களைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். ராகிப் புல் மாட்டுக்குப் போயிற்று. பஞ்சைத் தூசி தட்டி ஒரு கிண்ணத்தில் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போல வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விபூதியில் விரலைத் தொட்டுக்கொண்டு, தொடைமேல் பஞ்சை வைத்து உருட்டத் தொடங்கினார். ஒவ்வொரு திரியாக நீண்டு வந்தது. "பொங்க நோம்பி வரைக்கும் வெளக்குக்கு இது போதுஞ் சாமி" என்றார்.