கைவேலைக்கு வீட்டில் ஓர் இடம்

படிக்கும் பிள்ளைக்கு மேசையும் கதிரையும் வேண்டுமென்பதை நம்மவருள் மறுப்பார் இலர். புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குகின்றதென்றால் வீட்டிலுள்ள நல்ல விளக்கு அப்பிள்ளையின் மேசைக்கு வந்துவிடும், தொலைக்காட்சி வாய்மூடும், பாட்டியார்கூட மெல்லப் பேசப் பழகிக்கொள்வார். அதே பிள்ளை ஒரு படம் வரையவோ, மட்டையை வெட்டிக் கப்பல் செய்யவோ, களிமண்ணில் யானை பிடிக்கவோ விரும்பினால் அதற்கு இடம் எங்கே? சாப்பாட்டு மேசைதான். அதுவும் மணி ஒன்றாகும் வரை. “பிள்ளை, உந்தக் குப்பையெல்லாத்தையும் எடு, சோறு வைக்க வேணும்” என்று தாயார் குரல் கொடுத்தவுடன், பாதி வரைந்த படமும் காயாத பசையும் ஒரு பைக்குள்ளே போய் அடங்கிவிடும். பையினுள்ளே போனது மீண்டும் வெளியே வருவது அரிது.

ஆசிரியத் தொழிலில் நாம் கண்ட அளவில், ஆறாம் வகுப்பிற்கு விரல் நிறைய வண்ணத்தோடு வரும் பிள்ளைகளிற் பலர் ஒன்பதாம் வகுப்பிலே தூரிகையைத் தொடுவதில்லை. பாடச்சுமை என்பர் பெற்றோர். அதிலும் உண்மை உண்டு. ஆயினும் பிள்ளைகளையே கேட்டால் வேறொரு விடை வரும்: “செய்யிறதை வைக்க இடமில்லை, சேர்.” இவ்விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. ஒரே அமர்வில் முடியும் வேலைக்கு இடம் ஒரு பொருட்டன்று. நாலு நாள், பத்து நாள் தொடரும் வேலைக்கோ, முடியாத நிலையில் அது கலையாமற் கிடப்பதற்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும். இன்று விட்ட இடத்திலிருந்து நாளை தொடங்கலாம் என்னும் உறுதி இருந்தாலன்றி எவரும் பெரிய வேலையிற் கைவைக்கத் துணியார். வீட்டிலே ஆக்கவேலைக்கு ஓர் இடம் அமைப்பது பற்றி நாம் இங்கே கூறப்போவன யாவும் இவ்வொன்றைச் சார்ந்தனவே. வண்ணமும் அழகும் இதன்பின் வரட்டும்.

இது பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய வழக்கன்று. தையல் வேலையில் வல்ல தாய்மார், ஓலை இழைக்கும் அம்மம்மா, ஓய்வூதியம் பெற்றபின் கதை எழுதத் தொடங்கிய மாமா ஆகிய எல்லோருக்கும் பொதுவான வழக்காகும். ஜேன் ஒஸ்டின் என்னும் ஆங்கில நாவலாசிரியை 1809 முதல் 1817 வரை சோட்டன் என்னும் ஊரிலே வாழ்ந்த வீட்டில் அவருக்கெனத் தனியறை இருக்கவில்லை. குடும்பத்தார் நடமாடும் பொது அறையில், பன்னிரு பக்கங்கொண்ட சிறியதொரு வாதுமை மேசையில் வைத்தே எழுதினார். ஆள் வரும் அரவம் கேட்டதும் மறைத்துவிடத்தக்க சிறு தாள்களில் எழுதினார் என்றும், கிரீச்சிடும் கதவைத் திருத்தவேண்டாமெனத் தடுத்தார் என்றும் அவருடைய மருமகன் எழுதிவைத்துள்ளார். தாளை மறைக்கலாம், தைத்துக்கொண்டிருக்கும் சேலையை, ஈரம் உலராத ஓவியத்தை, பின்னிக்கொண்டிருக்கும் பாயை எவ்வாறு மறைப்பது? எழுதுவோரைக் காட்டிலும் கைவினை செய்வோருக்கே இடம் இன்றியமையாதது. பெண்களுக்குத் தனியறை வேண்டும் என்று வெர்ஜீனியா வூல்ஃப் 1929 இல் ஒரு நூலே எழுதினார். தனியறை கிடைத்தால் நன்று. நம்மிற் பலருக்கு அது கனவு.

போரின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியுடன் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி அளவினவே. அவற்றுள்ளே ஆறு பேர் வாழும் குடும்பங்கள் உண்டு. கொழும்பிலே மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் நிலையும் இதனின் வேறன்று. ஆகவே அறை என்று பேசுவதை விடுத்து மூலை என்று பேசுவோம். நாலடிக்கு மூன்றடி கொண்ட ஒரு மூலை போதும். அந்த மூலையில் வேறெவரும் வேறெதையும் வையார் என்ற உடன்பாடு வீட்டாரிடையே இருத்தல் வேண்டும். உண்மையில், மேசை வாங்குவதிலும் இவ்வுடன்பாட்டைப் பெறுவதுதான் கடினம்! விறாந்தையில் ஒரு மேசை வெறுமையாக இருக்கக் கண்டால் அதன்மீது உரப்பையையும் சைக்கிள் பம்பையும் வைக்காத ஆண்மகன் யாழ்ப்பாணத்திலே பிறக்கவில்லை.

இடத்தைத் தெரிவதில் முதலில் நோக்கவேண்டியது ஒளி. ஐரோப்பிய ஓவியர் வடக்குச் சாளரத்தை நாடுவர். நேர்வெயில் புகாது நாள் முழுவதும் ஒரே தன்மையான ஒளி கிடைக்கும் என்பது அவர் கூற்று. அது குளிர்நாட்டுக் கணக்கு. நமக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் உள்ளது. எனவே ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஏப்பிரில் நடுப்பகுதி வரை, ஏறக்குறைய எட்டு மாதம், நண்பகற் சூரியன் நமக்குத் தெற்கே நிற்கின்றது. எஞ்சிய மாதங்களில் அது வடக்கே சாய்ந்தாலும், உச்சியை ஒட்டியே செல்வதால் வீட்டின் தாழ்வாரமே வெயிலைத் தடுத்துவிடும். அம்மாதங்களிற் காலையும் மாலையும் சிறிது சாய்வெயில் விழுதலன்றி வேறு தொல்லை இல்லை. ஆதலால் வடக்கு யன்னல் நமக்கும் உகந்ததே. மேற்கு யன்னலைத் தவிர்த்தல் நன்று. மாலை வெயில் ஆளையும் வாட்டும், தாளில் உள்ள வண்ணத்தையும் வெளுக்கச் செய்யும். வேறு வழியில்லையேல் வெளியே ஓர் ஓலைத் தட்டியைச் சாய்த்துவிடுங்கள்.

வலக்கையால் எழுதுவோருக்கு ஒளி இடப்புறமிருந்து வரவேண்டும், இடக்கையருக்கு மறுதலை. இல்லையேல் தன் கையின் நிழலே தன் கோட்டை மறைக்கும். இரவில் வேலை செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் ஒளி தரும் மின்குமிழின் கீழ் நீலம் மங்கிக் கறுத்துத் தோன்றும். இரவிலே கலந்த வண்ணம் காலையில் வேறாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. குமிழின் பெட்டியிலே 2700 கெல்வின், 6500 கெல்வின் என்று இலக்கம் பொறித்திருப்பர். எண் ஏற ஏற ஒளி மஞ்சளிலிருந்து வெண்மைக்கும் நீலச்சாயலுக்கும் செல்லும். எழுத்துக்கு எதுவும் ஆகும். வண்ண வேலைக்கு வெள்ளொளி வேண்டும்.

இனிச் சுவர். புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கைத் திருப்பி அனுப்பும். சிறிய மூலைக்கு இது பெரிய உதவி. ஆனால் வெள்ளை மாத்திரம் இருந்தால் உள்ளம் உறங்கிவிடுகிறது. மருத்துவமனை நினைவும் வருகிறது. சுவர் முழுவதும் பச்சை பூசினாலோ, அதனின்று தெறிக்கும் பச்சைச் சாயல் வெள்ளைத் தாளிலும் படிந்து, வரைபவனை ஏமாற்றும். நமது கருத்து இது: வேலை செய்பவர் எதிர்நோக்கும் சுவரும் யன்னலை அடுத்த சுவரும் வெண்மையாக இருக்கட்டும், முதுகுப்புறச் சுவரிலும், தட்டுகளிலும், பெட்டிகளிலும் வண்ணம் விளையாடட்டும்.

எந்த வண்ணத்தை எதன் அருகே வைப்பது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பாரிசு நகரத்தில் கோபிலென் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுச்சாலையிலே சாயப்பகுதிக்குத் தலைவராக இருந்தவர் மிசேல் செவ்ரல் என்னும் இரசாயனர். கறுப்பு நூல் நன்றாகக் கறுக்கவில்லை என்று நெசவாளர் முறையிட்டனர். அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்திலே குற்றமில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்யப்பட்டதாலேயே கறுப்பு வலிமை குன்றித் தோன்றிற்று! ஒரு வண்ணம் எவ்வாறு தோன்றும் என்பதை அதன் அயலே நிருணயிக்கின்றது என்று கண்டு, 1839 இல் பெரியதொரு நூல் எழுதினார். (அவர் வாழ்ந்தது 102 ஆண்டுகள். வண்ணங்களோடு பழகியதன் பயனோ, யாரறிவார்!) நம் பெண்களுக்கு இது புதிய செய்தியன்று. அரக்கு நிறச் சேலைக்குப் பச்சைக் கரை எடுப்பாக அமையும் என்பதை அவர்கள் செவ்ரலைப் படித்து அறியவில்லை. பச்சையும் சிவப்பும், நீலமும் செம்மஞ்சளும் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூண்டும். அவற்றிலே ஒன்று நிறையவும் மற்றது சிறிதளவும் இருந்தால் கண்ணுக்கு இதம். இரண்டும் சமனாயின் சச்சரவு.

செலவைக் குறைக்க விரும்புவோர் சுண்ணாம்பிலேயே வண்ணம் கலந்து பூசலாம். குடாநாடே சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. நம் முன்னோர் வீடும் மடமும் கோயிலும் அதனாலேயே வெளுத்தன. ஆனால் சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. எல்லா வண்ணங்களும் அதனோடு வாழா. மஞ்சட்பொடி சிவந்துவிடும் என்பதை ஆலாத்தி கரைத்த எல்லோரும் அறிவர். பிரசியன் நீலம் என்பது சுண்ணாம்பிலே சிதைந்து பழுப்பாகிவிடும். அல்ட்ராமரீன் என்னும் நீலம் தாங்கும். காவி, மஞ்சட்காவி முதலிய மண்வண்ணங்கள் பல்லாண்டு நிலைக்கும். கோயில் மதிலின் காவிப் பட்டைகள் இதற்குச் சான்று. சுவரைச் சிறிது நனைத்து, மெல்லியதாக மூன்று நாலு முறை பூசவேண்டும். ஈரத்தில் அடர்ந்து தெரியும் வண்ணம் உலர்ந்தபின் பெரிதும் வெளிறுமாதலால், முதலில் ஒரு மூலையிற் பூசி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். முன்னரே எண்ணெய் வர்ணமோ பிளாஸ்ரிக் வர்ணமோ பூசிய சுவரிற் சுண்ணாம்பு பிடிக்காது, உரிந்துவிடும். கண்ணிலே தெறித்தால் கேடு. கரைக்கும்போதும் பூசும்போதும் சிறுவரைத் தள்ளி நிறுத்துக.

நம் நாட்டிலே வீடும் தொழிற்கூடமும் ஒன்றாக இருந்து சிறந்ததற்கு ஈனா டி சில்வா அம்மையாரை எடுத்துக்காட்டலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960 தொடக்கம் 1962 வரையில் கொழும்பில் அவருக்குக் கட்டிய வீடு, வீதிக்கு முதுகைக் காட்டி, நடுவிலுள்ள முற்றத்தை நோக்கி விரிந்தது. நமது நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு அதன் அமைப்பு அயலாகத் தோன்றாது. அக்காலத்தில் வீட்டாரும் நண்பரும் சேர்ந்து தொடங்கிய பத்திக் வேலை பின்னர் நாடறிந்த கலையாயிற்று. 1969 இல் முடிவுற்ற பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் முகட்டை அலங்கரித்த பத்திக் துணிகள் அவர் ஆக்கமே. அவரைப் போல் முற்றமும் வசதியும் நமக்கு இல்லையே என்று ஏங்க வேண்டாம். நாம் கொள்ளவேண்டியது, வேலை வீட்டின் பின்புறத்தில் ஒளிந்துகொள்ளாமல் வீட்டார் கண்முன்னே நடந்தது என்பதை. கண்ணிற் படும் வேலையிலேதான் பிள்ளையும் வந்து கைகொடுக்கும்.

தளபாடத்துக்கு அதிகம் வேண்டியதில்லை. கழற்றிப்போட்ட பழைய கதவொன்றை இரண்டு முக்காலிகளின்மேல் வைத்தால் மேசை ஆயிற்று. முழங்கையை மடக்கினால் மேசையின் மேற்பரப்புக்கு ஒத்திருக்க வேண்டும். பிள்ளையின் கால் நிலத்திலே படவேண்டும், படாவிட்டால் ஒரு பலகையை வையுங்கள். நிலத்திலிருந்து வேலை செய்வதே சிலருக்குச் சுகம். பழைய கடைகளிற் கணக்கெழுதுவோர் முன்னால் வைத்திருந்த சரிவான சிறு மேசை அத்தகையோருக்கு ஏற்றது. கீழே ஒரு பாய். மட்டக்களப்புப் பக்கத்துச் சாயமிட்ட பன்பாய் ஒன்று கிடைத்தால் வண்ணத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். யன்னற் சீலைக்கு மருதமுனைக் கைத்தறி போதும்.

கருவிகளைப் பனையோலைப் பெட்டிகளில் இடுங்கள். தூரிகைக்குக் குட்டான், துணித்துண்டுக்குக் கடகம், வண்ணம் கலக்கச் சிரட்டை. கடையில் விற்கும் பிளாஸ்ரிக் பெட்டிகளிலும் இவை அழகு. சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயமேற்றிய ஓலை எந்த மூலையையும் திருவிழாவாக்கும். மூடிய அலுமாரியிலும் திறந்த தட்டு நல்லது. கண்ணிற் படாத கருவியைக் கை தேடாது. யன்னலுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, ஈரப் படங்களை உடுப்புக் கவ்விகளால் தொங்கவிடலாம். அக்கயிறே அவ்வீட்டின் சித்திரசாலை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: தாள்களைச் சுவரோடு ஒட்டி அடுக்கக்கூடாது. கார்த்திகை, மார்கழியில் சுவர் வழியே ஈரம் ஏறும். கறையானும் அவ்வழியே வரும். தட்டின் கால்களைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, வாரத்துக்கொருமுறை பின்னால் எட்டிப் பாருங்கள். வெள்ளையடிப்பதாயின் புரட்டாதிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை இறங்கியபின் சுவர் தைவரை உலராது.